ரேடியோ ஸ்கேனர்: வீட்டிலும் காரிலும் பொருத்துவது எப்படி?

விமானம், கப்பல் போன்றவற்றின் ரேடியோ பேச்சை அலைவரிசை அலைவரிசையாகத் தேடிக் கேட்கும் கருவிதான் ரேடியோ ஸ்கேனர். முதலில் சட்டத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். சில நாடுகளில் ஸ்கேனர் வைத்திருக்கவே உரிமம் வேண்டும். சில இடங்களில் வீட்டில் வைக்கலாம், காரில் கூடாது. என்கிரிப்ட் செய்த (ரகசியக் குறியீடாக மாற்றிய) பேச்சை எந்த ஸ்கேனராலும் கேட்க முடியாது. அதற்காக விலை கூடிய மாடலைத் தேடினால் பணம்தான் வீண்.

1. ஆன்டெனா

கையில் இருக்கும் பணத்தை முதலில் இதில் போடுங்கள். கால் அலை ஆன்டெனாவின் (அலைநீளத்தில் கால் பங்கு உள்ளது) நீளம் தெரிய, 7100-ஐ நீங்கள் கேட்க விரும்பும் அலைவரிசையின் மெகா ஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் போதும். விடை சென்டிமீட்டரில் வரும். விமான அலைவரிசையின் நடுவான 127-க்கு 56 செ.மீ., கடல்சார் 156.8-க்கு 45 செ.மீ. செங்குத்தாக, ஜன்னலருகே அல்லது கூரைமேல் நிறுத்துங்கள். மெல்லிய ஆர்ஜி-58 கேபிளை 10 மீட்டர் இழுத்தால் 450 மெகா ஹெர்ட்ஸில் பாதிக்கு மேல் சிக்னல் வழியிலேயே போய்விடும். டிவி டிஷ்ஷுக்குப் போடும் ஆர்ஜி-6 கேபிள் இதைவிட நல்லது. அதன் இம்பீடன்ஸ் (மின் எதிர்ப்பு அளவு) ஸ்கேனரோடு ஒத்துப்போகாத 75 ஓம் என்றாலும் கேட்பதற்குத் தடையில்லை.

2. அலைவரிசை பதிவு

எண்ணோடு மோடையும் (ஏஎம், எஃப்எம் என்ற ஒலிபரப்பு முறை) சரியாகக் கொடுக்க வேண்டும். விமானப் பேச்சு (118–137) ஏஎம், கடல்சார் 16-ஆம் சேனல் (156.800) எஃப்எம். மோடு மாறினால் எண் சரியாக இருந்தும் பேச்சு புரியாது. அருகில் விமான நிலையம் இருந்தால் அதன் ஏடிஐஎஸ் (விமானிகளுக்கான தானியங்கித் தகவல்) வானிலை ஒலிபரப்பை வைத்துச் சோதியுங்கள். அது ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். சோதித்ததும் அதை லாக்-அவுட் செய்துவிடுங்கள் (ஸ்கேன் அதைத் தாண்டிப் போகும்), இல்லாவிட்டால் ஸ்கேன் அங்கேயே நின்றுவிடும். பேச்சு நின்றபின் ஸ்கேனர் அங்கே காத்திருக்கும் நேரமான டிலேயை 2 வினாடி வைத்தால் எதிர்முனைப் பதிலும் கிடைக்கும்.

3. ஸ்க்வெல்ச்

யாரும் பேசாதபோது வரும் இரைச்சலை அடக்கும் குமிழ் இது. முழுக்கக் குறைத்தால் 'உஸ்' என்று இரைச்சல் வரும். மெதுவாகக் கூட்டி, இரைச்சல் அடங்கிய இடத்திலிருந்து ஒரு மயிரிழை மட்டும் தாண்டி நிறுத்துங்கள். அதற்கு மேல் திருகினால் தூரத்துக் குரல்கள் தப்பிவிடும். புதிதாக வாங்குபவர்கள் "ஒன்றுமே கேட்கவில்லை" என்று சொல்வது பல நேரம் இந்தக் குமிழால்தான்.

யாரும் பேசாத சேனலில் ஸ்கேன் நிற்கிறதா? ஆன்டெனாவைக் கழற்றிப் பாருங்கள். அப்போதும் நின்றால் அடாப்டரையோ ஸ்கேனரையோ சந்தேகப்படுங்கள். கழற்றியதும் சரியானால் எல்இடி பல்பு, போன் சார்ஜர் என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். விமான அலைவரிசையில் சினிமாப் பாட்டு புகுந்தால் பக்கத்து எஃப்எம் நிலையத்தின் வலுவான சிக்னல் ஸ்கேனரைத் திணறடிக்கிறது. எஃப்எம் ஒலிபரப்பின் 88–108 மெகா ஹெர்ட்ஸைத் தடுக்கும் ஃபில்டரைப் போடுங்கள்.

4. காரில்

அடியில் காந்தம் உள்ள ஆன்டெனாவைக் கூரையின் நடுவில் வையுங்கள். இரும்புத் தகடாக இருந்தால்தான் ஒட்டும். கேபிளைக் கதவு ரப்பர் வழியாக, நசுங்காமல் உள்ளே இழுங்கள். மின்சாரத்தை பேட்டரியிலிருந்து நேராக எடுத்து, கையேடு சொல்லும் ஃபியூஸை பேட்டரி முனைக்கு அருகிலேயே போடுங்கள். ஏர்பேக் விரியும் இடத்தில் ஸ்கேனரைப் பொருத்தவே கூடாது.

ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க 'ங்ஙீ' என்ற சத்தமும் ஏறினால், ஸ்கேனரை அதன் சொந்த பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் கோளாறு மின் வயரில். நிற்காவிட்டால் ஆன்டெனா வழியாக வருகிறது, ஆன்டெனாவை எஞ்சினிலிருந்து இன்னும் தள்ளி வையுங்கள்.