மதியம் தாராளமாகத் தூங்குங்கள், அலாரம் வைத்துவிட்டு

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முதல் மாதத்தில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை மதியத் தூக்கம்தான். இத்தனை வருடம் இரண்டு மணிக்கு மேஜையில் தலை தொங்கத் தொங்க உட்கார்ந்திருந்த கடனையெல்லாம் வட்டியோடு வசூலிக்கிற மாதிரி, சாப்பிட்டதும் படுத்தால் நாலரை, ஐந்துக்குத்தான் எழுவேன். எழுந்ததும் தலை பாரமாக இருக்கும், இது காலையா மாலையா என்றே ஒரு நிமிடம் பிடிபடாது, வீட்டில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எரிச்சல் வரும். ராத்திரி பன்னிரண்டரை வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். அந்தத் தூக்கம் போதாமல் மறுநாள் மதியம் இன்னும் அரைமணி கூடும். இப்படியே ஒன்றரை மாதம் ஓடியது.

இன்றும் தினமும் மதியம் தூங்குகிறேன். ஆனால் எத்தனை மணிக்குப் படுப்பது, எத்தனை மணிக்கு எழுவது என்பதைப் படுக்கும் முன்னாலேயே முடிவு செய்துவிடுகிறேன். வேலைக்குப் போகிறவர்களை எழுப்ப ஒரு மேலதிகாரியோ மணியோ கூட்டமோ இருக்கும். ஓய்வு பெற்றவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை என்பதால்தான் நமக்கு அலாரம் அவர்களைவிட அதிகம் தேவைப்படுகிறது.

முதலில் நேரம். "உண்ட களைப்பு தொண்டனுக்கும் உண்டு" என்று பழியைச் சாப்பாட்டின் மேல் போட்டுவிடுகிறோம், அது பாதிதான் சரி. சாப்பிடாமல் இருந்து பாருங்கள், அப்போதும் ஒரு மணியிலிருந்து மூன்று மணிக்குள் ஒரு மந்தம் வரும். உடம்புக்குள் ஓடுகிற கடிகாரமே அந்த நேரத்தில் விழிப்பைக் கொஞ்சம் தாழ்த்துகிறது, வயிறு முட்டச் சாப்பிட்டால் அது இன்னும் கூடும், அவ்வளவுதான். இதோடு இன்னொரு கணக்கும் உண்டு: கண் விழித்ததிலிருந்து மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும், அது சேரச் சேர தூக்கம் அழுத்தும். ராத்திரி நன்றாகத் தூங்க அந்த அழுத்தம் வேண்டும். மாலை ஐந்து மணிக்கு ஒரு தூக்கம் போட்டால் அதில் பெரும் பங்கு கரைந்துவிடும், அப்புறம் பத்து மணிக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்? அதனால் மூன்று மணிக்குள் எழுந்துவிடுகிற மாதிரி படுங்கள். வயதாக ஆக உடம்புக் கடிகாரம் முன்னால் நகர்வதால் அதிகாலை நாலரைக்கே விழித்துவிடுகிறவர்கள் நிறையப் பேர், அவர்களுக்கு மந்தமும் முன்கூட்டியே வரும், பன்னிரண்டரைக்குப் படுத்தாலும் தப்பில்லை. மதியத் தூக்கத்துக்கு உலகம் முழுக்கத் தெரிந்த 'சியெஸ்டா' என்ற சொல்லே லத்தீனில் ஆறாம் மணி நேரம் என்பதிலிருந்து வந்ததுதான், சூரிய உதயத்திலிருந்து எண்ணினால் அது நடுப்பகல்.

அடுத்தது எவ்வளவு நேரம் என்பது. எல்லாரும் கோட்டை விடுவது இங்கேதான். தூக்கம் ஒரே மாதிரி இருப்பதில்லை, முதலில் மேலோட்டமாகத் தொடங்கி, ஏறத்தாழ அரைமணிக்குப் பிறகு ஆழத்துக்குப் போகும். ஆழத்தில் இருக்கும்போது எழுப்பினால் உடம்பு எழுந்துவிடும், மூளை எழாது, அந்த மப்பு தெளிய அரைமணிகூட ஆகலாம். ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2006ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், முந்தைய இரவு சுமார் ஐந்து மணி நேரமே தூங்கிய இளைஞர்களை மதியம் 5, 10, 20, 30 நிமிடம் என்று தூங்கவிட்டுப் பார்த்தார்கள். 5 நிமிடத்தால் பெரிய பலன் இல்லை. 10 நிமிடம் தூங்கியவர்கள் எழுந்த உடனேயே சுறுசுறுப்பாக இருந்தார்கள், 20 நிமிடக்காரர்களுக்குத் தெளிவு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது, 30 நிமிடம் தூங்கியவர்கள் எழுந்ததும் முதலில் மந்தமாகி அப்புறம்தான் தேறினார்கள். அமெரிக்காவின் நாசா 1994ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் நீண்ட தூரம் பறக்கும் விமானிகளுக்குப் பறக்கும்போதே முறை போட்டு 40 நிமிடம் ஓய்வு கொடுத்துப் பார்த்தது, அவர்கள் சராசரியாகத் தூங்கியது 26 நிமிடம், அதற்கே விழிப்பு நன்றாகக் கூடியது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். கண்ணை மூடித் தூக்கம் வர ஐந்து, பத்து நிமிடம் ஆகும், அதையும் சேர்த்து 25 நிமிடத்துக்கு அலாரம். இருபது நிமிடம் தூங்கினால் லாபம், பத்து நிமிடம் தூங்கினாலும் லாபம். மோசமானது நாற்பத்தைந்திலிருந்து ஒரு மணி நேரம் வரை, ஏனென்றால் கிணற்றின் அடியில் இருக்கும்போது கயிற்றை இழுப்பது போல அது. முந்தின இரவு பயணம், காய்ச்சல், பேரக்குழந்தையின் அழுகை என்று தூக்கமே கெட்டுப்போயிருந்தால் ஒன்றரை மணி நேரம் தூங்கலாம், ஒரு முழுச் சுற்று முடிந்து மறுபடி மேலோட்டமான தூக்கத்துக்கு வர ஏறத்தாழ அவ்வளவு ஆகும். அதை வழக்கமாக்கிவிடக் கூடாது. வயதானால் ஆழ்ந்த தூக்கம் குறைகிறது, அதனால் இந்த எண்கள் எல்லாருக்கும் அச்சாகப் பொருந்தாது. ஒரு வாரம் 20, அடுத்த வாரம் 30 என்று வைத்து, எழுந்ததும் எப்படி இருக்கிறது, அன்று ராத்திரி தூக்கம் எப்போது வந்தது என்று ஒரு தாளில் குறித்துப் பாருங்கள், உங்கள் எண் கிடைத்துவிடும்.

எங்கே படுப்பது? நான் கட்டிலை விட்டு ஈசிசேருக்கு மாறினேன். கட்டிலில் படுத்தால், அலாரம் அடித்ததும் கை தானாகப் போய் அதை அணைத்துவிடும், மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. சாப்பிட்ட உடனே தட்டையாகப் படுத்தால் நெஞ்செரிச்சல் வருகிறவர்களுக்கும் சாய்ந்த நிலைதான் நல்லது. படுத்தே ஆகவேண்டும் என்றால் தலைப்பக்கம் உயர்த்தி, இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுங்கள். கழுத்துக்கு ஒரு சிறு தலையணை வையுங்கள், இல்லாவிட்டால் இருபது நிமிடத் தூக்கத்துக்கு இரண்டு நாள் கழுத்துவலி. தூங்கும்போது உடம்புச் சூடு கொஞ்சம் இறங்கும், மெல்லிய போர்வை கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கட்டும். அறையைக் கும்மிருட்டாக்க வேண்டாம், திரையை இழுத்துவிட்டால் போதும். செல்போனில் அலாரம் வைத்து, எழுந்து போய் அணைக்கிற தூரத்தில் வையுங்கள். கையில் வைத்திருந்தால் தூக்கத்துக்குப் பதில் செய்திதான் ஓடும்.

தூக்கம் வரவில்லையா, விடுங்கள், கண்ணை மூடிச் சும்மா சாய்ந்திருந்தாலும் ஓய்வுதான். தூங்கவே இல்லை என்று நாம் சத்தியம் செய்கிற நேரத்தில்கூடப் பல தடவை லேசாகத் தூங்கியிருப்போம், பக்கத்தில் இருப்பவர்தான் குறட்டைக்குச் சாட்சி. அந்தக் கோழித் தூக்கத்தையும் லேசாக நினைக்காதீர்கள். எடிசன் கையில் உலோகக் குண்டுகளைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் கண் அசருவார், கை தளர்ந்து அவை விழுகிற சத்தத்தில் விழித்து, அந்த நொடியில் தோன்றியதைப் பிடித்துக்கொள்வார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, பாரிஸ் ஆய்வாளர்கள் அதைச் சோதித்து 2021ல் வெளியிட்டார்கள். ஒரு கணக்கில் ஒளிந்திருந்த குறுக்குவழியை, தூக்கத்தின் முதல் படியில் 15 நொடியாவது இருந்தவர்கள், முழுக்க விழித்திருந்தவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகக் கண்டுபிடித்தார்கள். அதைத் தாண்டி ஆழமாகப் போனவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. குறுக்கெழுத்துப் புதிரோடு மதியம் மல்லுக்கட்டுகிறவர்கள் முயன்று பார்க்கலாம்.

இப்போது எழுவதைப் பற்றி, வயதானவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். அலாரம் அடித்ததும் துள்ளி எழாதீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு வயதானவர்களில் பலருக்கு ரத்த அழுத்தம் இறங்கும், படுத்த நிலையிலிருந்து சட்டென்று நின்றால் இன்னும் இறங்கும், அதற்கு மேல் ரத்த அழுத்த மாத்திரையும் போடுகிறவர் என்றால் கண் இருட்டிக் கீழே விழ இது போதும். காலை அசைத்து, எழுந்து உட்கார்ந்து, ஓரிரு நிமிடம் அப்படியே இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு எதையாவது பிடித்துக்கொண்டு நில்லுங்கள். நின்று தெளிந்ததும் முகம் கழுவி, வெளிச்சத்துக்கு வந்து கொஞ்சம் நடந்தால் மப்பு போய்விடும்.

காபி குடித்துவிட்டுத் தூங்குவது என்று ஒரு வித்தை இருக்கிறது, கேட்கக் கிறுக்குத்தனமாக இருக்கும். காபியில் உள்ள காஃபின் வேலை செய்யத் தொடங்க 20, 30 நிமிடம் ஆகும், அதனால் மடமடவென்று குடித்துவிட்டு உடனே சாய்ந்தால் நீங்கள் எழுகிற நேரமும் அது ஏறுகிற நேரமும் ஒன்றாக வரும். நீண்ட தூரம் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அருமையான வழி. கண் செருகினால் ஜன்னலைத் திறப்பதாலோ பாட்டைச் சத்தமாக வைப்பதாலோ தூக்கம் போகாது, ஓரம் கட்டி இதைச் செய்யுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன், காஃபினில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், இரண்டு மணிக் காபி ராத்திரியிலும் உள்ளே உட்கார்ந்திருக்கும்.

இன்னும் வேலைக்குப் போகிறவர்கள் இடைவேளையில் பத்துப் பதினைந்து நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிறுத்திய காரோ ஆளில்லாத அறையோ போதும், பக்கத்து இருக்கைக்காரரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.

சிலருக்கு மதியத் தூக்கம் வேண்டவே வேண்டாம். ராத்திரி தூக்கம் வராமல் அவதிப்படுகிறவர்கள் முதலில் விட வேண்டியது இதைத்தான், தூக்கமின்மைக்குச் சிகிச்சை தருகிறவர்களும் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். இதயத்துக்கு நல்லதா கெட்டதா என்று கேட்பவர்களுக்கு: கிரீஸில் 23,000க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் கவனித்து 2007ல் வெளியான ஆய்வில், வழக்கமாக மதியம் தூங்கியவர்களிடம் இதயநோய் மரணம் 37 சதவீதம் குறைவாக இருந்தது, குறிப்பாக வேலைக்குப் போகும் ஆண்களிடம். ஆனால் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்குகிறவர்களிடம் சர்க்கரை நோயும் இதயநோயும் அதிகம் காணப்படுவதாகச் சொல்லும் ஆய்வுகளும் உண்டு. அங்கே தூக்கம் நோயைக் கொண்டுவருகிறது என்பதைவிட, உள்ளே இருக்கிற நோய் தூக்கமாக வெளியே தெரியலாம். ஆகவே வழக்கமாக அரைமணியோடு எழுகிறவர் திடீரென்று இரண்டு மணி நேரம் தூங்க ஆரம்பித்தால், பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கினால், குறட்டையின் நடுவில் மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டில் சொன்னால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் போங்கள். போகும்போது சாப்பிடுகிற மாத்திரைகளின் பட்டியலையும் எடுத்துப் போங்கள், ஒவ்வாமை மாத்திரை, மனப்பதற்ற மாத்திரை எல்லாம் பகலில் தூக்கத்தைக் கூட்டக்கூடியவை.

விருந்தாளி வந்து, பேச்சு நீண்டு, மணி நாலு ஆகிவிட்டதா? அன்றைக்குத் தூக்கம் கிடையாது. எழுந்து செடிக்குத் தண்ணீர் விடுங்கள், தெருமுனை வரை நடந்துவிட்டு வாருங்கள், ராத்திரி அரைமணி முன்னாலேயே படுத்துக்கொள்ளுங்கள்.