கரும்பு நிற்கும், கோதுமை நிற்காது

தென் ஆப்பிரிக்காவுக்குத் தேவைப்படும் கோதுமையில் ஏறத்தாழ பாதி கப்பலில் வருகிறது. டர்பன் துறைமுகத்தில் அது இறங்குவதைப் பார்த்துவிட்டு, "நாமே விளைவித்தால் என்ன?" என்று டொங்காட், ஸ்டேங்கர் பக்கத்துக் கரும்புக் குடும்பத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. ஆனால் கரும்பில் பழகிய கை கோதுமையில் தவறுவது எளிது.

முதலில், கடலோரக் கரும்புக் காட்டை அழித்து விதைக்காதீர்கள். அந்த வெக்கையும் ஈரக்காற்றும் துரு நோய்க்கு விருந்து. நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் கோதுமைக்கு ஏற்றது விண்டர்டன், பெர்க்வில் போன்ற மலையடிவாரம்தான்; அதுவும் பாசனம் இருந்தால்.

மேற்கு கேப் மாகாண விவசாயியின் நாள்காட்டியையும் பின்பற்றாதீர்கள். அங்கே ஸ்வார்ட்லேண்ட் கோதுமைப் பகுதியில் குளிர்கால மழையே பயிரை வளர்த்துவிடும். நமக்கோ குளிர்காலம் வறண்டது. மே இறுதிக்கும் ஜூலைத் தொடக்கத்துக்கும் இடையே, ரகத்துக்கு ஏற்ப விதைக்க வேண்டும். முந்தினால் பூக்கும் நேரத்தில் உறைபனி தாக்கும். தூரத்தில் கதிர் நன்றாகவே தெரியும். உள்ளங்கையில் கசக்கி ஊதினால் உமி பறந்துவிடும், மணி இருக்காது.

பிந்தினால் அறுவடையில் மழை. என் மனம் மிகவும் பதறுவது இங்கேதான். கரும்பு, ஆலையிலிருந்து அழைப்பு வரும்வரை வயலில் நிற்கும். முற்றிய கோதுமை நவம்பர், டிசம்பர் மழையில் நாலைந்து நாள் நனைந்தால் கதிரிலேயே முளைக்கும். மணியின் நுனியில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளை வேர் எட்டிப்பார்க்கும். முளைகட்டிய கேழ்வரகில் கஞ்சி நீர்த்துப்போவதைப் பாட்டிமார் அறிவார்கள். இங்கும் அதே கதைதான்: மாவுச்சத்து உடைந்து, ரொட்டி உள்ளே பிசுபிசுக்கும். கொள்முதலில் மாவுக் கரைசலைச் சூடாக்கி, அதில் ஒரு கம்பி இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று அளப்பார்கள். 220க்குக் குறைந்தால் முதல் தரம் கிடைக்காது. நிறைய நனைந்தது மாட்டுத் தீவன விலைக்குத்தான் போகும்.

ஈரம் 13 சதவீதத்துக்கு இறங்கட்டும் என்று வயலிலேயே காத்திருப்பதுதான் பலரும் செய்யும் தவறு. மேகம் கூடினால் சற்று ஈரமாகவே அறுத்து உலர்த்துங்கள். உலர்த்தும் கூலி, இழக்கும் விலையைவிடக் குறைவு.

மக்காச்சோள அரிதாள் கிடக்கும் நிலத்தில் உடனே விதைத்தால் கதிரழுகல் பூஞ்சை தொற்றும். இடையில் சோயா போடுங்கள். யூரியாவை ஒரேயடியாகக் கொட்டினால் பயிர் சாய்ந்துவிடும், பிரித்துக் கொடுங்கள்.

விதை வாங்கும் முன்பே அறுவடை இயந்திரத்துக்கும் உலர்த்தும் இடத்துக்கும் சொல்லிவைத்துவிடுங்கள்.