ரொட்டேஷன் புரோகிராமில் சேர்ந்திருக்கிறீர்களா? இதைக் கொஞ்சம் கவனியுங்கள்
படிப்பு முடித்ததும் பெரிய கம்பெனியில் சாஃப்ட்வேர் வேலைக்கு, டீம் டீமாக மாற்றி மாற்றி வேலை பழக்கும் ரொட்டேஷன் புரோகிராமில் இடம் கிடைத்திருந்தால், முதலில் காலண்டரைப் பாருங்கள். ஜிஇ (ஜெனரல் எலக்ட்ரிக்) நடத்திவந்த டிடிஎல்பி (டிஜிட்டல் டெக்னாலஜி லீடர்ஷிப் புரோகிராம்) மாதிரி 2 வருஷம், 6 மாதத்துக்கு ஒரு டீம் என்றால் நிறைய நேரம் இருப்பதுபோலத் தோன்றும், ஆனால் விபிஎன் (கம்பெனி நெட்வொர்க்குக்குள் நுழையும் வழி), ரெப்போ (கோடு இருக்கும் இடம்) பர்மிஷன் எல்லாம் வந்து சேரவே சில வாரம் போய்விடும், கடைசியில் வேலையை ஒப்படைப்பதில் இன்னும் சில வாரம். அதனால் அடுத்த டீம் மேனேஜருக்கு முன்கூட்டியே மெயில் போட்டு அக்சஸ் டிக்கெட்டுகளை (இந்தப் பர்மிஷன்களுக்கான விண்ணப்பங்களை) போடச் சொல்லுங்கள். போனதும் ஒரு சின்ன பக், எரர் மெசேஜில் இருக்கும் எழுத்துப்பிழையானாலும் சரி, திருத்தி ரிவ்யூ வாங்கி புரொடக்‌ஷன் வரை கொண்டுபோய்விடுங்கள். அங்கே பில்டும் (கோடை ஓடும் புரோகிராமாக மாற்றுவது) டெப்ளாயும் (அதை நிஜப் பயன்பாட்டுக்கு ஏற்றுவது) எப்படி ஓடுகிறது என்பது எந்த ஓரியண்டேஷனை விடவும் இதில்தான் பிடிபடும்.

அப்புறம், புதுசாக வருபவர் தலையில் டெமோவோடு முடிந்துபோகும் பிஓசி (சாத்தியமா என்று செய்து பார்க்கும் மாதிரி) வேலையைக் கட்டுவது பல இடங்களில் நடக்கிற கூத்து. அதனால் ஒரு ரொட்டேஷனாவது, நிஜமாக ஓடும் சிஸ்டத்தைப் பார்க்க, ஆன்-கால் (சிஸ்டம் பழுதானால் முறைவைத்துக் கவனிக்கும் பொறுப்பு) இருக்கிற டீமைக் கேட்டு வாங்குங்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாரம் செய்ததை நாலு வரி எழுதிவையுங்கள், எண்ணோடு: ‘ரிப்போர்ட் 40 நிமிடம் ஓடியது, இப்போது 6.’ ரேட்டிங் போடுகிறவருக்கு முந்தைய டீமில் நீங்கள் செய்தது தெரிந்திருக்காது.

பிடித்த டீமில் ஆள் எடுக்கிறார்களா என்று கடைசி ரொட்டேஷன் தொடங்கும்போதே நேராகக் கேளுங்கள். ஹெச்ஆர் கூப்பிடட்டும் என்று இருந்தால் மிச்சம் இருக்கிற சீட்தான்.