இயற்கை அறிவியல் ஓவியச் சான்றிதழ் படிப்பு: விண்ணப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு பெண் தன் போர்ட்ஃபோலியோவை அனுப்பி, "அக்கா, ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தாள். திறந்தால், பத்து வருடத்துக்கு முன் நான் அனுப்பியது மாதிரியே இருந்தது. கடைசித் தேதி, எழுத்துப்பிழை எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

போட்டோவைப் பார்த்து வரைவது

என்னை ஒரு வருடம் காக்க வைத்தது இதுதான். அப்போது கலிஃபோர்னியாவில் இருந்தேன். மாநில மலரான கலிஃபோர்னியா பாப்பியை வரையாமல் எப்படி? இணையத்தில் அழகான ஒரு படத்தை எடுத்து, நான்கு ஆரஞ்சு இதழ்களுக்கும் வாட்டர்கலரில் பதினோரு பூச்சு கொடுத்தேன். பட்டு மாதிரி வந்திருந்தது. நேர்காணலில் ஆசிரியை கேட்டது ஒன்றே ஒன்று: "இது எந்த இனம்?"

பெயரைச் சொன்னேன்.

"படத்தில் அது எங்கே தெரிகிறது?"

இந்தப் பூவின் இதழ்களுக்கு அடியில், காம்பு முடியும் இடத்தில், சின்னத் தட்டு போல ஒரு விளிம்பு விரிந்திருக்கும். இதழ் உதிர்ந்த பிறகும் காயின் அடியில் நிற்கும். நெருங்கிய உறவான இன்னொரு சிறு பாப்பிக்கு அது கிடையாது. இரண்டையும் பிரித்தறிய அதைத்தான் பார்ப்பார்கள். என் போட்டோ மேலிருந்து எடுத்தது. எடுத்தவர் விட்டதையெல்லாம் நானும் விட்டிருந்தேன். அப்படி ஒரு விளிம்பு இருப்பதே எனக்குத் தெரியாது!

இடம் கிடைக்கவில்லை. விதை வாங்கித் தொட்டியில் போட்டேன். மேகம் மூடினால் பூவும் மூடிக்கொள்ளும், அன்றைக்கு வேலை கிடையாது. மொட்டின் மேல் கூம்புத் தொப்பி மாதிரி இருப்பது ஒட்டிப்போன இரண்டு புல்லிகள். பூ விரியும்போது அது அப்படியே கழன்று விழுவதைத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்த்தேன். ஒரு பூவை பிளேடால் நெடுக்காக வெட்டி, லென்ஸ் வைத்து அடி விளிம்பைத் தனியே பென்சிலில் வரைந்தேன். இரண்டாம் முறை ஆசிரியை அதிக நேரம் பார்த்தது மகரந்தக் கறை படிந்த அந்தத் தாளைத்தான்.

இன்றும் எனக்கு வருகிறவற்றில் பாதிக்கு மேல் போட்டோ நகல்தான். அந்தப் பெண் அனுப்பிய மீன்கொத்தியின் மூலப்படத்தை நானே இணையத்தில் பார்த்திருக்கிறேன். எரிச்சலாக வருகிறது. காப்புரிமைத் தொல்லை வேறு. சரி, பறவையைப் பிடித்து உட்கார வைக்க முடியாதுதான். போட்டோவை நீங்களே எடுங்கள், பல கோணங்களில் எடுங்கள். அப்புறம் மியூசியத்தில் பாடம் செய்து வைத்த பறவையை அளந்து சரிபாருங்கள்.

அளவுகோடு

நிஜச் செடியின் ஒரு சென்டிமீட்டர் உங்கள் படத்தில் எவ்வளவு நீளம் என்று காட்ட, பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். "இரண்டு மடங்கு" என்று மட்டும் எழுதினால், படத்தைச் சுருக்கி அச்சடித்த அன்றே அது பொய்.

வெளிச்சம்

இடது மேல் பக்கத்திலிருந்து. அதுதான் வழக்கம்.

ஸ்கெட்ச்புக்கை மறைப்பது

மறைக்காதீர்கள்.

நோக்கக் கடிதம்

"சிறு வயதிலிருந்தே இயற்கை மீது தீராத காதல்" என்று நானும் தொடங்கியவள்தான். விண்ணப்பிக்கிற எல்லோருக்கும் அந்தக் காதல் உண்டு. எந்தச் செடியோடு எத்தனை வாரம் உட்கார்ந்தீர்கள், எது கைக்கு வராமல் படுத்தியது என்று எழுதுங்கள். என் இரண்டாவது கடிதத்தின் முதல் வரியிலேயே அந்த விளிம்பு இருந்தது.