தடித்த உருண்டை எழுத்தில் தமிழ்ப் பெயர்ப்பலகை அமைக்கும் முறை

கொழும்பின் காலி வீதி வழியே பேருந்தில் வெள்ளவத்தையைக் கடக்கும் ஒருவருக்கு ஒரு கடையின் பெயரை வாசிக்க இரண்டு மூன்று விநாடிகளே கிடைக்கின்றன. முனைகள் உருண்டு, கோடெல்லாம் ஒரே தடிப்பில் அமைந்த எழுத்துரு அந்த அவகாசத்துக்கு நன்கு பொருந்தும். ஆனால் தமிழில் அதைக் கையாளும்போது முதலில் சுழிகளைக் கவனிக்க வேண்டும்.

இலவச எழுத்துருக்களில் நான் அதிகம் எடுப்பது பாலூ தம்பி 2. எக் டைப் குழுவினர் உருவாக்கிய இது கூகுள் ஃபொண்ட்ஸில் திறந்த உரிமத்தோடு கிடைக்கிறது. 400 முதல் 800 வரை ஐந்து தடிப்புகள் உண்டு. கடைக்காரர் பெரும்பாலும் மிகத் தடித்த 800ஐத்தான் கேட்பார். முடிவு செய்யுமுன் ‘மணம்’, ‘மனம்’ என்ற இரண்டையும் தட்டெழுதி, ஓர் அங்குல உயரத்தில் அச்சிட்டு, சுவரில் ஒட்டி, 4 மீற்றர் தள்ளி நின்று பாருங்கள். 10 அங்குல எழுத்தை 40 மீற்றரிலிருந்து பார்ப்பதற்கு அது சமம். மூன்று சுழி ‘ண’வும் இரண்டு சுழி ‘ன’வும் ஒன்றுபோலத் தெரிந்தால் ஒரு படி மெலிந்த தடிப்புக்கு இறங்குங்கள். பின்னாலிருந்து ஒளியூட்டும் பலகையானால் இன்னும் ஒரு படி இறங்குவது நல்லது. இரவில் வெளிச்சம் பரவிச் சுழிகளின் உட்புறத்தை மூடிவிடும்.

மும்மொழிப் பலகையில் மேலேயுள்ள சிங்கள வரியின் கீழ்க்குறிகள் தொங்கும் இடத்துக்கே தமிழ் வரியின் புள்ளிகள் எழும்பி வருகின்றன. ஆகவே வரி இடைவெளியை மென்பொருள் தரும் அளவில் விடாமல், புள்ளியைச் சுற்றி அதன் விட்டமளவுக்காவது வெற்றிடம் இருக்கும்படி கூட்டுங்கள்.

தமிழ்ப் பெயர் நீளமாகிவிட்டது என்று பக்கவாட்டில் நெருக்குவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அப்படி நெருக்கினால் நிமிர்ந்த கோடுகள் மெலிந்து, படுத்த கோடுகள் தடித்தபடியே நிற்கும். உருண்ட முனைகள் நசுங்கி, இந்த எழுத்துருவின் அழகு முழுவதும் போய்விடும். நான் வடிவமைத்துக் கொடுத்த ஒரு பலகையையே அச்சகத்தில் இவ்வாறு நெருக்கி மாட்டிவிட்டார்கள். அதில் ‘ழ’வின் வால் ஒரு கறையாகத் தெரிந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. மொத்த வரியையும் சிறிதாக்குங்கள், அல்லது இரண்டு வரியாகப் பிரியுங்கள்.

பெயரைப் பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டெழுதித் தந்திருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இலஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை இயக்காவிட்டால் ‘கொ’வின் கொம்பு இடம் மாறி நிற்கும். அதைச் சரிபார்த்த பின், எழுத்துகளை வெளிக்கோட்டு வடிவங்களாக மாற்றி அச்சகத்துக்கு அனுப்புங்கள். மாதிரிப் பிரதி வந்ததும் புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்த பிறகே ஒப்புதல் கொடுங்கள்.