மலைச் சைக்கிள்: சக்கர அளவும் சஸ்பென்ஷனும்

29 அங்குலச் சக்கரம் கற்களையும் வேர்களையும் தட்டி நிற்காமல் ஏறிக் கடப்பதால் நீண்ட, கரடுமுரடான பாதைகளுக்கு ஏற்றது, 27.5 அங்குலச் சக்கரமோ நெருக்கமான வளைவுகளில் எளிதாகத் திரும்புவதோடு, உயரம் குறைந்தவர்களுக்கும் வசதியாக இருக்கும்.

அதிர்வைத் தாங்கும் அமைப்பான சஸ்பென்ஷனில்தான் கூடுதல் கவனம் தேவை. முன்புறம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் எடை குறைந்தது, பராமரிக்கவும் எளிது. இருபுறமும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள், கரடான இறக்கங்களில் பின்சக்கரம் துள்ளாமல் தரையைப் பற்றிக்கொள்ள உதவினாலும், அதன் பேரிங்குகளுக்கும் ஷாக்கின் (பின்புற அதிர்வுதாங்கியின்) சீல்களுக்கும் தொடர்ந்து பராமரிப்பு வேண்டும். ஒரே விலையில் இரண்டும் கிடைத்தால், மலிவான இருபுறச் சஸ்பென்ஷனைவிடத் தரமான ஏர் ஃபோர்க் (காற்றழுத்தத்தால் இயங்கும் முன்புறச் சஸ்பென்ஷன்) பொருத்திய ஹார்ட்டெயிலையே நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன்.

எதை வாங்கினாலும் ஏர் ஃபோர்க்கின் காற்றழுத்தத்தை உங்கள் எடைக்கேற்பச் சரிசெய்யுங்கள். வழக்கமாகச் சுமக்கும் பையுடன் சைக்கிளில் ஏறி, ஃபோர்க் குழாயிலுள்ள ரப்பர் வளையத்தை, அந்தக் குழாய் உள்ளே நுழையும் இடத்திலுள்ள சீலை ஒட்டித் தள்ளிவிட்டு, குலுக்காமல் மெதுவாக இறங்கிப் பாருங்கள். 120 மி.மீ. ஃபோர்க்கில் வளையத்துக்கும் சீலுக்கும் இடையே ஏறத்தாழ 24 முதல் 30 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் காற்றைச் சிறிது இறக்குங்கள், கூடினால் ஏற்றுங்கள். வளையம் இல்லாத ஃபோர்க்கில் மெல்லிய பிளாஸ்டிக் டேக் ஒன்றைக் கட்டிக்கொண்டாலே போதும்.