ஓசேஜ் ஆரஞ்சு மரத்தில் வேட்டை வில் செய்யும் முறை

டெக்சஸ், ஓக்லஹோமா, ஆர்கன்சா மாநிலங்களை ஒட்டி ஓடும் ரெட் ரிவர் ஆற்றுப் படுகையைப் பூர்வீகமாகக் கொண்ட ஓசேஜ் ஆரஞ்சு மரம், பெயரில் ஆரஞ்சு இருந்தாலும் பலாவுக்கும் முசுக்கட்டைக்கும் உறவு. வெட்டினால் பால் வடியும். காய் பச்சையாகவும் கரடுமுரடாகவும் இருக்கும். புதிதாக அறுத்த கட்டை பலாக்கட்டையைப் போலவே மஞ்சளாக மின்னி, வெளிச்சம் படப்படப் பழுப்பேறிவிடும். ஓசேஜ், கோமான்சி முதலிய பழங்குடி மக்கள் இதில் வில் செய்ததைக் கண்ட பிரெஞ்சுக்காரர்கள், வில் மரம் என்று பொருள்படும்படி இதற்கு 'புவா தார்க்' என்று பெயரிட்டார்கள். டெக்சஸ் கிராமங்களில் அது 'போடார்க்' என்று திரிந்து வழங்குகிறது. மரமும் வில்லும் ஒரே பெயரைப் பகிர்வது தமிழருக்கும் பழக்கமானதுதான். சிலை என்ற பழஞ்சொல் வில்லையும் குறிக்கும், வில் செய்ய உதவிய ஒருவகை மரத்தையும் குறிக்கும்.

இங்கே விளக்கப்போவது, ஒட்டுப்பலகை எதுவும் சேர்க்காமல் ஒரே கட்டையிலிருந்து செதுக்கி எடுக்கும் வில். நீளம் 66 அங்குலம்; நாணை 28 அங்குலம் இழுக்கும்போது ஏறத்தாழ 45 பவுண்டு இழுவிசை தர வேண்டும். அமெரிக்காவில் மான் வேட்டைக்கு வில்லின் குறைந்தபட்ச இழுவிசையைப் பல மாநிலங்கள் சட்டத்தில் வரையறுத்திருக்கின்றன; அந்த அளவு மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், வேட்டைக்கென்று செய்பவர் முதலில் தம் மாநில விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையே தடுப்பதால், இங்கே இதே வில்லை இலக்குப் பலகைக்கு மட்டுமே பயன்படுத்தலாம்.

வேலையில் இறங்குமுன் ஓர் அடிப்படையைப் புரிந்துகொள்வது நல்லது. எய்பவரின் முகத்தைப் பார்க்கும் பக்கத்தை வில்லின் வயிறு என்றும், இலக்கைப் பார்க்கும் பக்கத்தை முதுகு என்றும், பிடிக்கு மேலும் கீழும் வளையும் பாகங்களை மேல்தண்டு, கீழ்த்தண்டு என்றும் வைத்துக்கொள்வோம். நாணை இழுக்கும்போது முதுகிலுள்ள நார்கள் இழுபடுகின்றன. வயிற்றிலுள்ள நார்கள் நெரிபடுகின்றன. முதுகில் ஒரு நார் அறுந்தால் வில் ஒரே நொடியில் முறிந்துபோகும். வயிறு தாங்காவிட்டால் அது மெல்ல மெல்லத் துவண்டு, வளைந்தபடியே நின்றுவிடும். பின்வரும் வேலைகள் அனைத்தும் இந்த இரண்டு ஆபத்துகளைத் தவிர்ப்பதற்காகவே.

மரத்தைக் குளிர்காலத்தில், சாறு ஓட்டம் குறைந்திருக்கும்போது வெட்டுவது வழக்கம். 8 அங்குலத்துக்குக் குறையாத குறுக்களவும், 6 அடிக்கு மேல் கிளையில்லாத நீளமும் கொண்ட அடிமரம் போதும். பட்டையின் வரிகள் மரத்தைச் சுற்றித் திருகிக்கொண்டு ஏறினால், உள்ளே நாரும் அப்படியே திருகியிருக்கும் என்று அறிந்து அதை விட்டுவிட வேண்டும். வெட்டிய அன்றே இரு முனைகளிலும் மரப்பசையையோ பெயின்ட்டையோ கனமாகப் பூசுங்கள். நுனிவெட்டு வழியாக ஈரம் வேகமாக வெளியேறும். ஒரு நாள் தாமதித்தாலும் நீளவாக்கில் வெடிப்பு ஓடிவிடும். பிறகு கட்டையை ரம்பத்தால் அறுக்காமல், இரும்பு ஆப்புகளை அடித்துப் பிளக்க வேண்டும். ரம்பம் நாரை மதிக்காமல் நேராகப் போகும். ஆப்பு நார் போகும் வழியிலேயே போகும்.

பிளந்த கட்டையில் பட்டையை உரித்ததும் முதலில் வெளிறு என்னும் வெளிர்நிற வெளிமரம் தெரியும், அதற்குள் வைரம் என்னும் மஞ்சள் நிற உள்மரம் தெரியும். வில்லின் முதுகு வைரத்தில், ஒரே ஓர் ஆண்டு வளையத்தின் மேற்பரப்பாக, நுனி முதல் நுனி வரை அறுபடாமல் இருக்க வேண்டும். என் முதல் வில்லில் இந்த விதியைப் பொருட்படுத்தாமல் அழகாக இழைப்புளி போட்டு முதுகைச் சமதளமாக்கினேன். பத்தாவது அம்புக்குள் அது இரண்டு துண்டாகிவிட்டது. முறிந்த இடத்தைப் பார்த்தால், இழைப்புளி இரண்டு வளையங்களைக் குறுக்காக வெட்டிய அதே இடம்.

ஆகவே முதலில் கட்டையின் நுனிவெட்டில் வளையங்களை எண்ணிப் பார்த்து, வெளிறுக்குக் கீழே எட்டில் ஒரு அங்குலமாவது தடித்த வளையம் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். இரு முனையிலும் கைப்பிடி வைத்துத் தன்பக்கமாக இழுத்துச் செதுக்கும் கத்தியால், அந்த வளையத்துக்கு மேலுள்ள மரத்தைப் பெரும்பாலும் எடுத்துவிடலாம். ஒவ்வொரு வளையத்திலும் இரண்டு அடுக்கு உண்டு. வசந்த காலத்தில் வளர்ந்த அடுக்கு துளைத்துளையாக, கத்தி படும்போது மொறுமொறுவென்று நொறுங்கும். கோடையில் வளர்ந்த அடுக்கு கெட்டியாக, நீளமான சுருளாக வரும். கத்தியின் ஓசை மாறும் இடத்தைக் காதால் பிடிக்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. நீங்கள் தேர்ந்த வளையத்தின் மீது படிந்திருக்கும் மொறுமொறுப்பான அடுக்கை எட்டியதும் கத்தியை வைத்துவிட்டு, மொட்டைக் கத்தியாலோ சுரண்டுதகட்டாலோ அதை மட்டும் மெதுவாகச் சுரண்டி, அடியிலுள்ள வழவழப்பான கெட்டிப் பரப்பில் நிறுத்துங்கள். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழும்படி அமர்ந்து செய்தால் இரண்டு அடுக்குகளும் வெவ்வேறு நிறமாகத் தெரியும். கணு வரும் இடத்தில் வளையம் சிறு மேடாக எழும்பும். அந்த மேட்டைச் சமப்படுத்தாமல் சுற்றி வந்து அப்படியே விட்டுவிட வேண்டும். இந்த ஒரு வேலைக்கே ஒரு முழு நாள் ஆகலாம், ஆகட்டும்.

வெளிப்பட்ட முதுகுக்கும் உடனே பசையோ அரக்கோ பூசி, நிழலில் காற்றோட்டமான இடத்தில் கட்டையைக் கிடத்துங்கள். முழுக் கட்டையாக உலர ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். வில்லின் உருவத்துக்குச் சற்றுப் பெரிதாகச் செதுக்கி, முறுக்கிக்கொள்ளாதபடி நேரான பலகையில் இறுகக் கட்டி வைத்தால், சில மாதங்களில் உலர்ந்துவிடும். ஈரம் அளக்கும் கருவி இல்லையென்றால் வாரம் ஒருமுறை தராசில் நிறுத்துக் குறித்துவாருங்கள். எடை குறைவது நின்றதும் கட்டை உங்கள் ஊர்க் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது. ஈரம் 8 முதல் 10 சதவீதத்துக்குள் இருப்பது சிறந்தது. ஈரக்கட்டையை அவசரப்பட்டு வளைத்தால் வயிறு நெரிந்து, வில் தன் நிமிர்வை இழந்துவிடும்.

உலர்ந்த கட்டையின் முதுகில் நடுக்கோடு போடும்போது நூல் பிடித்து நேர்கோடு இழுக்கக் கூடாது. நார் எப்படி ஓடுகிறதோ அப்படியே பென்சிலும் ஓட வேண்டும். நார் பாம்பாக நெளிந்தால் வில்லும் நெளியட்டும், அது வலிமையைக் குறைக்காது. நடுவில் பிடிக்கு 4 அங்குலம் விட்டு, அதன் இரு பக்கமும் 2 அங்குல நீளத்துக்குத் தடிமன் படிப்படியாக இறங்கித் தண்டோடு சேரும்படி வரையுங்கள். தண்டின் அகலம் பிடியை ஒட்டி ஒன்றரை அங்குலத்தில் தொடங்கி, பாதி நீளம் வரை அப்படியே சென்று, பிறகு நுனியில் அரை அங்குலமாகக் குறுக வேண்டும். தடிமன் தொடக்கத்தில் பிடிக்கு அருகே எட்டில் ஐந்து அங்குலமும் நுனியில் அரை அங்குலமும் இருக்கட்டும். இதற்குக் கைக்கோடாலியும் மர அரமும் போதும். மரத்தை வயிற்றுப் பக்கத்திலிருந்தும் ஓரங்களிலிருந்தும் மட்டுமே எடுக்க வேண்டும். முதுகை இனித் தொடக் கூடாது.

அடுத்து வருவது வளைவைச் சீராக்குதல். ஆங்கிலத்தில் டில்லரிங் என்பார்கள். ஒரு கட்டையை வில்லாக்குவது இந்த வேலைதான். தண்டின் விறைப்பு அதன் அகலத்தோடு நேர்விகிதத்திலும் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தோடும் (தடிமன் × தடிமன் × தடிமன்) மாறுகிறது. தடிமனில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விறைப்பில் நாலில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும். ஆகவே இந்தக் கட்டத்தில் கோடாலிக்கு வேலை இல்லை. அரமும் பிறகு சுரண்டுதகடும்தான்.

முதலில் ஒரு நுனியைத் தரையில் ஊன்றி, பிடியைப் பற்றி, உடல் எடையை மெல்லக் கொடுத்து அழுத்திப் பாருங்கள். தண்டு முழுவதும் கொஞ்சமாவது வளையத் தொடங்கியதும், நுனிகளில் நாண் உட்காரும் குதைகளை உருண்டை அரத்தால் சாய்வாக வெட்டலாம். அரம் பக்கங்களில் மட்டும் பட வேண்டும், முதுகைக் குறுக்கே கீறிவிடக் கூடாது. பிறகு வில்லைவிடச் சற்று நீளமான தொய்வு நாண் ஒன்றை மாட்டி, சுவரில் அடித்த முளையில் பிடியை இருத்தி, கீழே ஒரு கப்பி வைத்து, கயிற்றைத் தூரத்தில் நின்று இழுங்கள். தூரத்தில் நின்றால்தான் இரு தண்டுகளின் வளைவையும் ஒருசேரப் பார்க்க முடியும். முறிந்தாலும் துண்டு முகத்தில் படாது. கயிற்றில் தராசு ஒன்றைக் கோத்துவிட்டால் இழுவிசையும் தெரியும்.

இங்கே கடைப்பிடிக்க வேண்டிய விதி ஒன்றே: முடிவில் வேண்டிய 45 பவுண்டுக்கு மேல் எந்தக் கட்டத்திலும் இழுக்கக் கூடாது, வளைவில் கோணல் தெரிந்தால் அதைத் திருத்தும் வரை அந்தத் தூரத்தைத் தாண்டியும் இழுக்கக் கூடாது. ஓரிடம் மட்டும் அதிகமாக மடிந்தால் அங்கே பென்சிலால் குறியிட்டு, அந்த இடத்தை விட்டுவிட்டு, வளையாமல் விறைத்து நிற்கும் இடங்களில் மட்டும் சுரண்டுங்கள். பலவீனமான இடத்தைப் பலப்படுத்த வழி இல்லை. மற்ற இடங்களை அதன் நிலைக்குக் கொண்டுவரத்தான் முடியும். ஒவ்வொரு முறை சுரண்டிய பிறகும் 30 முறையாவது மெல்ல இழுத்து விட்டு, அதன்பின் பாருங்கள். மரம் தான் இழந்ததை உடனே காட்டிக்கொடுப்பதில்லை. அவசரக்காரர் வில்லின் விசை முடிவில் 30 பவுண்டில் வந்து நிற்பதற்கு இதுவே காரணம்.

நுனிகள் ஐந்தாறு அங்குலம் சீராக இறங்கி வந்ததும், உரிய நீளமுள்ள நாணை ஏற்றலாம். முதலில் பிடிக்கும் நாணுக்கும் இடையே 3 அங்குலம் இருந்தால் போதும். வளைவு சரியாக இருந்தால் 6 அங்குலம் வரை உயர்த்தலாம். அக்காலத்தில் விலங்கின் தசைநாரை முறுக்கி நாண் செய்தார்கள். அது மழையில் நனைந்தால் நீண்டுவிடும். இன்று டேக்ரான் என்ற செயற்கை இழைகள் 14ஐ இரண்டு புரியாகப் பிரித்து, தேன்மெழுகு தடவி முறுக்கினால், மர வில்லுக்கு வேண்டிய அளவு இழுதன்மை உள்ள நாண் கிடைக்கும். நவீன வில்களுக்கென்று விற்கும், சிறிதும் நீளாத இழைகளை இதற்கு மாட்ட வேண்டாம். அம்பு கிளம்பும் அதிர்ச்சி முழுவதும் நுனியில் விழுந்து குதையைப் பிளந்துவிடும்.

இனி ஒவ்வோர் அங்குலமாக இழுவையைக் கூட்டி, சுரண்டி, பார்த்து, 28 அங்குலத்தை எட்ட வேண்டும். கீழ்த்தண்டு மேல்தண்டைவிட மயிரிழை விறைப்பாக இருப்பது நல்லது. வயிற்றில் குறுக்காக மெல்லிய சுருக்கக் கோடுகள் தென்பட்டால் அந்த இடம் நெரிகிறது என்று பொருள். உடனே நிறுத்தி, அதன் இருபக்கமும் உள்ள மரத்தைக் குறையுங்கள்.

கடைசியில் ஓரங்களை உருட்டி, உப்புத்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயைப் பல முறை பூசி, பிடிக்குத் தோல் சுற்றுங்கள். அம்பில்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்பு கொண்டுபோக வேண்டிய விசை முழுவதும் வில்லுக்கே திரும்பிவரும். எய்து முடித்ததும் நாணை இறக்கிவிட்டு, சுவரில் இரண்டு முளைகள் மீது கிடைவாட்டில் வையுங்கள். மூலையில் நிமிர்த்திச் சாய்த்தால் ஒரு தண்டு வளைந்துபோகும். முதல் நூறு அம்புகள் எய்த பிறகு அதே சுவர் முளையில் மாட்டி, வளைவை இன்னொரு முறை பாருங்கள். பெரும்பாலும் ஏதாவது ஓரிடத்தில் நாலைந்து சுரண்டல் மிச்சமிருக்கும்.